நானே உடைத்துக் குடித்த கலர்

மார்ச் மாதக் கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு காதுகுத்து. புதுக்கோட்டை என்றதும் நீங்கள் அரண்மனையெல்லாம் இருக்கிற அந்தப் பெரிய ஊருக்கு ரயில் ஏறிவிடக் கூடாது. இது தூத்துக்குடிக்கு வெளியே, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற எங்கள் புதுக்கோட்டை. பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் தாண்டிவிடும். மண்டபத்தில் முதல் பந்தி நிறைந்துவிட்டது. காத்திருந்தவர்களுக்கு ஒரு பெண் தட்டில் குட்டிக் குட்டிக் கண்ணாடி பாட்டில்களை வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். நானும் ஒன்று எடுத்தேன். மூடியைத் திறந்ததும் பன்னீர் வாசம். வாசத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். நீல லேபிளில் ஒரு அம்மாவின் முகம், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கீழே ‘பேச்சியம்மா’ என்று பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில், ஏப்ரலில் எங்கள் கம்பெனியில் விருந்து, எல்லோரும் வாங்க என்று போட்டிருந்தது.

பக்கத்தில் என் பெரியப்பா மகன் ஆறுமுகம் அண்ணன். சர்க்கரை வியாதிக்காரர். அண்ணி வராத இடமாகப் பார்த்துத்தான் அவர் விசேஷங்களுக்கே வருவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு பாட்டிலைக் காலி செய்துவிட்டு, “எந்தக் கம்பெனிலே இது? நல்லா இருக்கே” என்றார்.

எனக்குத் தெரியும். யார் கம்பெனி, அந்த முகம் யாருடையது, ஏன் அந்தக் கம்பெனி பிறந்தது, எல்லாம் தெரியும். “தெரியலண்ணே” என்றேன். சொல்லியிருந்தாலும் அண்ணன் ஒன்றும் பாட்டிலைக் கீழே வைத்திருக்க மாட்டார். காலம் மாறிவிட்டது. ஆனால் அவர் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஒன்று வந்து போகும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஐம்பத்தைந்து வயதில், ஒரு கலர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்கிறவனாக இருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தோடே பந்தியில் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டும்விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கலர் என்றால் உங்கள் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் பக்கத்தில் சோடாவில் சர்க்கரைப் பாகும் நிறமும் சேர்த்து அடைத்தது கலர். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை. பச்சையை யார் குடித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சின்ன வயதில் எங்களுக்கு அது பாதி மருந்து. வயிறு மந்தமா, கலர். காய்ச்சல் விட்டதா, கலர். அப்பாவின் கருப்பட்டி மண்டியில் பெரிய வியாபாரிகள் வந்தாலும் கலர்தான். அவர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போனால் மீதி எனக்கு.

அந்தக் கலருக்கு இன்னொரு உபயோகம் இருந்தது. அதை அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டு விசேஷம் என்றால் அப்பா தவறாமல் போவார். வெள்ளைச் சட்டை போட்டு, என்னையும் சைக்கிளில் வைத்து அழைத்துப் போவார். மணமக்களுக்குத் திருநீறு பூசிவிட்டு ஒரு கலர் குடிப்பார். எழுந்து வந்துவிடுவார். வரும் வழியில் ஒருநாள் எனக்குப் பசிக்கிறது என்று அழுதபோது விளக்கம் சொன்னார். “போவாம இருந்தா மனுசனுக்கு அழகில்ல. போயி கை நனைச்சா நம்ம ஆளுவ பேசுவானுவ. கலருன்னா மெசின்ல அடைக்கது. மூடிய நம்ம முன்னால ஒடைச்சா ஒண்ணும் கெடையாது.” இதைச் சொன்னபோது அப்பாவின் குரலில் ஒரு பெருமை இருந்தது. எங்கள் தெருவில் பல பேர் அந்த விசேஷங்களுக்குப் போகவே மாட்டார்கள். அப்பா போவார். அவர் கணக்கில் அவர் சீர்திருத்தக்காரர்.

நான் அப்பாவைவிடப் பெரிய சீர்திருத்தக்காரன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்து பீச் ரோட்டுப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தபோது ஆபீசில் மாதம் இரண்டு பத்திரிகை வாங்கிப் படிக்கிற ஒரே ஆள் நான்தான். அதே வாரம் சேர்ந்தவன் இசக்கிமுத்து. கஸ்டம்ஸுக்கும் புது ஹார்பருக்கும் கப்பல் காகிதங்களைக் கொண்டு அலைகிற வேலை எங்கள் இரண்டு பேருக்கும். ஆபீசில் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி. நான் ஓட்டுவேன், அவன் பின்னால் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். மழை வந்தால் ஃபைல் அவன் சட்டைக்குள் போய்விடும். எழுத்து இங்கிலீஷ் அவனுக்கு அத்துப்படி. நான் தப்பாக அடித்த கடிதங்களை எல்லாம் அவன்தான் திருத்துவான். பேச மட்டும் கூச்சம். எனக்கு நேர் எதிர். இலக்கணம் எக்கேடு கெட்டாலும் வாய் நிற்காது. அதனால் கப்பல்காரர்கள் வந்தால் பேசுகிற வேலை எனக்கு.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே மேசையில் எண்ணெய்ப் புரோட்டா தின்போம். அவன் சால்னாவில் நான் கை வைப்பேன். இவ்வளவு போதும், நான் தேறிவிட்டேன் என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன். மத்தியானம் அவன் எங்களோடு டிபன் பெட்டியைத் திறந்ததே இல்லை என்பது மூன்று வருஷமாக என் கண்ணில் படவில்லை. இசக்கி சீக்கிரமே சாப்பிட்டுவிடுகிற பழக்கக்காரன் என்று நம்பியிருந்தேன்.

அவனுக்குக் கல்யாணம் வந்தது. சொந்த ஊர் கொற்கைக்குப் பக்கத்தில். பாடப்புத்தகத்தில் முத்தும் கப்பலுமாகப் படித்த அதே கொற்கை. கடல் எப்போதோ அந்த ஊரை விட்டுவிட்டுப் போய்விட்டது. இப்போது சுற்றி வாழையும் வயலும்தான். ஆபீசிலிருந்து பதினோரு பேர் ஒரு வேனில் போனோம். வேனை ஏற்பாடு செய்ததும் இசக்கிதான்.

அங்கேதான் பேச்சியம்மாவை முதலில் பார்த்தேன். இசக்கியின் அம்மா. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்து அவனைப் படிக்க வைத்தவர். பட்டுச்சேலை கட்டியிருந்தார். ஆனால் கால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. உப்புத் தண்ணீரில் நின்ற கால் பட்டுச்சேலைக்காக மாறிவிடுமா? எங்களுக்கென்று தனியாக ஒரு பந்தல் போட்டு, மேசை போட்டு, பதினோரு இலை விரித்து, தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார்கள். மேனேஜர் அதைப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார். கப்பல் வேலை இருக்கிறது என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஏஜென்சிக் கப்பல் ஒன்றுகூட துறைமுகத்தில் கிடையாது. அது அங்கே நின்ற பதினோரு பேருக்கும் தெரியும். மேனேஜர் என் தோளைத் தொட்டு, நீதான் பழக்கம், நீ போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்.

நான் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. “எல போட்டாச்சு அய்யா. ஒக்காந்து எந்திரிச்சாப் போதும்” என்றார். என் அம்மா வயது அவருக்கு. நான் அய்யா.

வயிறு சரியில்லை, கப்பல் வேறு நிற்கிறது என்று இரண்டு பொய்களை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கொஞ்சம் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

“ஸ்ரீவைகுண்டத்து ஆளு சமையலு அய்யா. சைவம்தான். நாங்க யாரும் அடுப்புகிட்டயே போவல.”

சொந்த மகனின் கல்யாணச் சமையலில் தான் கை வைக்கவில்லை என்று ஒரு தாய் எனக்கு உறுதி கொடுக்கிறார். இதற்குப் பதில் என்ன சொல்வது? எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. அப்பா சொல்லிக் கொடுத்தது.

“கலர் போதும்மா” என்றேன்.

கலர் ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியாமல் இருக்குமா? ஐஸ் போட்ட பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கலரை எடுத்தார். ஈரத்தைத் துடைத்தார். மூடியைத் திறக்காமல், பாட்டிலையும் ஓப்பனரையும் சேர்த்து என் முன்னால் மேசையில் வைத்தார். “நீங்களே ஒடச்சிக்கிடுங்க அய்யா” என்றார். என்னைவிட அவருக்கு விதிமுறை நன்றாகத் தெரிந்திருந்தது. நானே உடைத்தேன். நானே குடித்தேன். நிமிர்ந்தபோது மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த இசக்கி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். புகைப்படக்காரர் அவனை நேராகப் பார்க்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

ஒரே ஒருவர் உட்கார்ந்தார். மீரான் காக்கா, காயல்பட்டினத்துக்காரர். காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். எனக்குப் பசிக்கிறது, நீங்கள் வேனில் இருங்கள் என்று சொல்லிவிட்டு, பத்து வெறும் இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ரசம் மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டார். வெயிலில் வேனுக்குள் நாங்கள் பத்துப் பேரும் வெந்தோம். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. அவருக்கு அன்று ஏப்பம்தான் வந்தது.

ஏரலில் ஒரு ஓட்டல் வாசலில் மேனேஜர் வேனை நிறுத்தச் சொன்னார். பசி யாரைவிட்டது? காக்கா மட்டும் வேனிலேயே இருந்துகொண்டார். வயிறு சரியில்லாத நான் நாலு புரோட்டா தின்றேன்.

கல்யாண லீவு முடிந்து இசக்கி வந்த அன்று காலை, வண்டியில் பின்னால் உட்கார்ந்ததும், வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டான். தேவலை என்றேன். கொஞ்ச தூரம் போனபிறகு, “வேன் ஓட்டுனவன் எங்க சித்தப்பா மவன்லே” என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஹார்பர் வரைக்கும் நான் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருப்பவனின் முகம் தெரியாது என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வருஷத்தில் அவன் வேலையை விட்டான். கப்பல் கம்பெனிக்குப் போகிறானோ, கல்ஃபுக்குப் போகிறானோ என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, புதுக்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து கலர் போடப் போவதாகச் சொன்னான். ஏன்டா கலர் என்று கேட்டதற்குச் சிரித்தான். “எங்க ஊட்டு விசேசத்துக்கு வாரவிய எல்லாம் கலர்தான குடிக்காவ. அத நானே அடைச்சா என்ன?” நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய சிரிப்பில் நானும் கலந்துகொண்டது நல்ல குணம் என்று நினைத்தேன்.

முதல் சரக்கு வந்ததும் லேபிளைக் காட்டினான். அம்மாவின் முகம், அம்மாவின் பெயர். ஓரத்தில் நீலக் கோடு. நான் நண்பனாக ஒரு யோசனை சொன்னேன். பெயரை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப் படம் போடு, யார் கம்பெனி என்று தெரியாமல் இருந்தால்தான் கடைக்காரர்கள் எடுப்பார்கள் என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன், அதுதான் கொடுமை. “அம்மா பேர எடுத்துட்டா அப்பறம் எதுக்குலே கலரு?” என்று கேட்டுவிட்டு லேபிளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நான் சொன்னது போலவே நடந்தது. முதல் வாரம் வாங்கிய கடைகள் இரண்டாம் வாரம் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தன. கலரில் கேஸ் குறைவு என்றார்கள், மூடி துருப்பிடிக்கிறது என்றார்கள். யாரும் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. என் வாக்கு பலித்ததில் எனக்குள் ஒரு மூலையில் சின்னத் திருப்தி இருந்தது. இதையும் எழுதிவிட்டால்தான் இந்தக் கட்டுரைக்கு மரியாதை.

அந்த வருஷம் ஜூன் மாதம் கோதுமை ஏற்றிக்கொண்டு ஒரு அமெரிக்கக் கப்பல் வந்தது. கப்பல் குசினியில் தலைமைச் சமையல்காரர் வால்டர் என்று ஒரு கறுப்பினத்தவர். ஆள் கதவு அளவு இருப்பார், குரல் மட்டும் மெத்து. கரைக்கு வந்ததும் என்னிடம் அவர் கேட்டது சிவப்புக் கலர். எந்தக் கம்பெனியானாலும் பரவாயில்லை, சிவப்பாக இருக்க வேண்டும், இரண்டு பெட்டி வேண்டும் என்றார். எனக்கு உடனே இசக்கியின் கொட்டகையில் தேங்கிக் கிடந்த பெட்டிகள் ஞாபகம் வந்தன. நண்பனுக்கு ஒரு உபகாரம் செய்கிற மிதப்பில் அவரை டாக்சியில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன்.

கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு கலரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஏன் சிவப்பு என்று வால்டர் சொன்னார். அவர் முன்னோர்கள் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைத்தனம் ஒழிந்தது என்று அரசாங்கம் அறிவித்து இரண்டரை வருஷம் கழித்துத்தான் அவர்கள் கடற்கரைக்குச் செய்தி வந்து சேர்ந்ததாம். அந்தச் செய்தி வந்த நாளை ஜூன் மாதத்தில் கொண்டாடுவார்கள். அன்றைக்குச் சிவப்பாகத்தான் குடிப்பார்கள். அவருடைய அத்தை ஊரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அன்றைக்கு அந்தக் கடைச் சுவர் முழுக்க அந்தத் தெருவில் வாழ்ந்து மறைந்த தங்கள் ஆட்களின் படங்களை மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் சிவப்புக் கலர் கொடுப்பாராம். நடுக்கடலில் இருந்தாலும் அவர் அந்த நாளை விடுவதில்லை.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் இசக்கி சிரித்தான். “ரெண்டரை வருசம்தான் லேட்டா? அவிய ஊரு தபால் பரவாயில்லையே” என்றான். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியாது என்று தோன்றியது.

வால்டர் லேபிளைக் காட்டி, இது யார் என்று கேட்டார். அம்மா என்றேன். எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று அவனையே கேட்டார். இசக்கி என்னைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான். என் கல்யாணத்துக்கு ஆபீசிலிருந்து வந்தவர்கள் என் வீட்டில் சாப்பிடவில்லை, மூடி போட்ட கலர் மட்டும் குடித்தார்கள், அதனால்தான் என்று சொல்லு.

நான் வால்டரிடம் திரும்பி, எங்கள் ஊர் வெயில் ஊர், ஜனங்கள் கலர் நிறையக் குடிப்பார்கள், அதனால்தான் என்றேன்.

சொல்லி முடித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் இங்கிலீஷைத் தினமும் திருத்தியவன் அவன். அவனுக்குப் பேசத்தான் கூச்சம். புரியாமல் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வெள்ளைக் கப்பல்காரரிடமோ கறுப்புக் கப்பல்காரரிடமோ அவனே வாயைத் திறந்தான்.

“நோ சார். மை மேரேஜ். ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் கம். நோ ஈட்டிங். ஒன்லி பாட்டில்.” என் பக்கம் கையைக் காட்டினான். “ஹி ஆல்சோ.”

வால்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது. கையில் இருந்த காலி பாட்டிலைக் கீழே வைத்தார். உங்கள் வீட்டில் இன்று என்ன சமையல் என்று இசக்கியிடம் கேட்டார்.

கொட்டகைக்குப் பின்னால்தான் வீடு. பேச்சியம்மா விளமீன் குழம்பு வைத்திருந்தார். அவ்வளவு பெரிய ஆள் குனிந்து உள்ளே வந்ததைப் பார்த்து ஒரு விநாடி திகைத்தார். சாப்பிட வந்திருக்கிறார் என்று மகன் சொன்னதும் ஓடிப்போய்ப் பாயை விரித்தார். வால்டருக்குக் கையால் சாப்பிடத் தெரியவில்லை. சோறு வழியெல்லாம் சிந்தியது. பேச்சியம்மா மீனில் முள்ளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, “மக்கா, இன்னும் கொஞ்சம் வச்சுக்கிடு” என்று அவரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கம் பிள்ளைகளைப் பாசமாகக் கூப்பிடுகிற வார்த்தை அது. வந்து பத்து நிமிஷத்தில் அவர் மக்கா ஆகிவிட்டார்.

நான் கதவோரம் நின்றேன். எனக்கும் ஒரு தட்டு கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். கேட்க நான்கு வார்த்தை போதும். நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் பேச்சியம்மா என்னைப் பார்த்துவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், உள்ளே போனார், சொந்தக் கம்பெனிக் கலர் ஒன்றையும் ஓப்பனரையும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார்.

“பாவம், அய்யாவுக்கு வயிறு ஒத்துக்கிடாது” என்று மகனிடம் சொன்னார்.

என் பொய்யை மூன்று வருஷம் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். நம்பித்தான் சொன்னாரா, நம்பாமல் சொன்னாரா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், தெரியவில்லை. இசக்கி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மூடியை உடைத்துக் குடித்தேன். முதல் தடவை அப்பா மேல் பழி போடலாம். இந்தத் தடவை யார் மேலும் போட முடியாது.

அதற்குப் பிறகு வந்த ஏப்ரலில், நீலக் கோட்டும் மூக்குக் கண்ணாடியும் கையில் சட்டப் புத்தகமுமாகப் படத்தில் நிற்பாரே, அவர் பிறந்தநாளுக்கு இசக்கி கொட்டகைச் சுவரில் படங்களை மாட்டினான். வால்டர் சொன்ன அத்தை கடை அவன் மனசில் விழுந்துவிட்டது. செருப்புப் போட்டுத் தெருவில் நடந்ததற்காக அடி வாங்கிய ஒரு தாத்தா, பொதுக்கிணற்றில் முதல் வாளி இறைத்த ஒரு பெண். படம் இல்லாதவர்களுக்குப் பெயரை மட்டும் சட்டம் போட்டு மாட்டினான். வருஷத்துக்கு ஒருவர் என்று அந்த முகங்கள் சில பாட்டில்களின் லேபிளிலும் வந்தன. முதலில் அவன் ஆட்களின் கல்யாணங்களில் மட்டும் அந்தக் கலர் ஓடியது. கல்யாணங்களுக்குக் கலர் குடிக்க மட்டும் போகிறவர்களும் வேறு வழியில்லாமல் அதைக் குடித்தார்கள். பிறகு பெட்டிக்கடை, பேக்கரி, இப்போது எங்கள் காதுகுத்து வரைக்கும் வந்துவிட்டது.

ஏப்ரல் விருந்துக்கு எனக்கு வருஷா வருஷம் சொல்லிவிடுவான். எனக்கு வருஷா வருஷம் ஒரு வேலை வந்துவிடும். ஆறு வருஷத்துக்கு முன்னால் பேச்சியம்மா இறந்தபோது மட்டும் உடனே போனேன். மாலை போட்டேன், அழுதேன், கடைசி வரைக்கும் இருந்தேன். சாவு வீட்டுக்குப் போவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. அங்கே யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டார்கள்.

காதுகுத்து வீட்டிலிருந்து வந்த அன்று முடிவு செய்தேன், இந்த வருஷம் போகிறேன் என்று. காலையிலிருந்து சாப்பிடாமல் போனேன். சொல்வதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். இசக்கி, இன்றைக்குப் பசியோடு வந்திருக்கிறேன் என்று ஆரம்பிக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவை எனக்கே கண் கலங்கிவிட்டது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பெரிய கட்டிடம். உள்ளே ஒரே கூட்டம். பேங்க் ஆட்கள், லாரிக்காரர்கள், வெள்ளை அங்கியில் ஒரு சாமியார், எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிகள் மூன்று பேர். அவர்கள் மட்டன் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இது ஒரு விருந்து, அவ்வளவுதான். என் முறை வந்ததும் உட்கார்ந்தேன். ஒரு பெண் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். வாசல் பக்கம் பார்த்தேன், சமையல்கட்டுப் பக்கம் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, கொஞ்சம் உப்பு தூக்கல்.

கை கழுவிவிட்டு வரும்போது இசக்கி எதிரில் வந்தான். கையில் போன், தலை முழுக்க நரை.

“வந்தியாலே. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“சரி. ஒன் வண்டி வாசல்லயா நிக்கி? லோடு லாரி வருது, கொஞ்சம் எடுத்துரு.”

தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. நான் சாப்பிட்டதும் சாப்பிடாததும் அவனுக்கு எப்போதோ ஒரு விஷயமாக இல்லாமல் போயிருக்கிறது. தயாராக வைத்திருந்த வாக்கியத்தை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன். நான் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷி உலகத்தில் ஒருத்திதான். இரண்டு தடவை அவர் கண் முன்னால் நான் பசியோடு நின்றேன், இரண்டு தடவையும் கலரை உடைத்துக் குடித்தேன். இனி நான் எத்தனை பந்தியில் உட்கார்ந்தாலும் அது வெறும் சாப்பாடுதான்.

வெளியே லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். நான் போய் வண்டியை எடுத்தேன்.